சர்வதேசப் பாதுகாப்பு எம்.ஏ.: வேதாரண்யத்திலிருந்து போய்ப் படித்தவள் சொல்கிறேன்

இரண்டு வருடப் படிப்பை இந்த மே மாதம் முடித்தேன். அப்பா ஆறுகாட்டுத்துறையில் பைபர் படகு வைத்திருக்கிறார். நான் சேர்ந்தபோது, "பாதுகாப்புன்னா மிலிட்டரிக்கா போகப்போற?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் செமஸ்டர் கஷ்டம். பனிப்போர், அணு ஆயுதம், 1962 கியூபா நெருக்கடி, எல்லாமே ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு ஒரு கட்டுரையை முடிக்க மூன்று நாள் ஆகும். ஆய்விதழ்களை வளாகத்துக்குள் இருந்தால்தான் திறக்க முடியும். லீவுக்கு ஊருக்கு வந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். இதைப் பலமுறை எழுதிக்கொடுத்தும் மாற்றவில்லை.

அப்புறம் மனிதப் பாதுகாப்பு என்று ஒரு தாள் வந்தது. 1994இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்பை ஏழாகப் பிரிக்கிறது: பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல். போர்டில் அதைப் பார்த்ததும் எனக்கு 2018 நவம்பர் 16 ஞாபகம் வந்தது. கஜா புயல் கரையேறிய நாள். விடிந்து பார்த்தால் பெரியப்பாவின் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. அந்த ஏழில் முதல் நான்கும் ஒரே ராத்திரியில் போனதை வகுப்பில் எழுந்து சொன்னேன். மேடம் மீதி நேரத்தை எனக்கே விட்டுவிட்டார்.

ஆனால் இந்தப் படிப்புக்குக் கொடுத்த காசு கடல் சட்டத் தாளிலேயே வந்துவிட்டது. 1974 இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தத்தின் மூலத்தையே கையில் கொடுத்து, எல்லைக்கோட்டின் ஆறு புள்ளிகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். முதல் புள்ளி வட அட்சரேகை 10 டிகிரி 5 நிமிடத்தில், கோடியக்கரைக்குத் தென்கிழக்கே விழுந்தது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். "நம்ம துறையிலேருந்து மூணு மணி நேர ஓட்டம்தாம்மா. ராத்திரி வலைய விட்டுட்டா தண்ணி இழுக்குற பக்கம்தான் போவும், கோடு எங்க தெரியுது?" என்றார். ஒரு நாட்டின் கடலில் இன்னொரு நாட்டவர் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச்சில் இரு நாடுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களில் வருகிறது. அதையும் அப்பா சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துத்தான் என் அசைன்மெண்டை எழுதினேன்.

நதிநீர்ப் பாடத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட 1960 சிந்து ஒப்பந்தம் உண்டு, காவிரி கிடையாது. மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு என்பதால் பாடத்திட்டத்துக்கு வெளியே என்றார்கள். டெல்டாக்காரிக்கு அது வலித்தது. கேட்டுப் போராடி, 1990 காவிரி நடுவர் மன்றத்திலிருந்து, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. வரை ஆய்வேடாக எழுத அனுமதி வாங்கினேன்.

படித்ததும் வேலை வாசலில் நிற்காது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான யுஜிசி நெட் தேர்வில் இது டிஃபென்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ் என்ற பெயரில் தனிப் பாடமாக இருக்கிறது, சிவில் சர்வீஸ் எழுதுகிறவர்களுக்கும் கைகொடுக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று துறையே உண்டு. எங்கே சேர்ந்தாலும் சரி, பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கடல் சட்டம் ஒரு தாளாகக்கூட இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.