டப்பா தக்காளிக்கு எந்தப் பொட்டாஷ்?

டப்பாவில் அடைக்கும் தக்காளிக்கு ப்ரிக்ஸ் (சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலியவற்றின் சதவீதம்) 5-ஐ ஒட்டி இருக்க வேண்டும், நல்ல சிவப்பு வேண்டும், புளிப்பு வேண்டும், தோல் முழுசாக உரிய வேண்டும். நான்கிலும் பொட்டாஷுக்கு, அதாவது சாம்பல் சத்துக்கு, பங்குண்டு. அது குறைந்தால் பழம் சிவந்த பிறகும் காம்பைச் சுற்றி மஞ்சளாகவே நிற்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே இறுகிய வெள்ளைச் சதை. நீராவி காட்டினாலும் அந்த இடத்தில் தோல் கழலாது.

எந்த உரத்தில் வந்தாலும் செடிக்குப் பொட்டாஷ் ஒன்றுதான். கூட வருவதுதான் வேறு. 100 கிலோ பொட்டாஷ் கொடுக்க மியூரியேட் (பொட்டாசியம் குளோரைடு) 167 கிலோ போட்டால் 78 கிலோ குளோரைடு சேர்ந்து வரும். பொட்டாசியம் சல்பேட் 200 கிலோவில் 35 கிலோ கந்தகம். பொட்டாசியம் நைட்ரேட் 222 கிலோவில் 29 கிலோ தழைச்சத்து.

மியூரியேட் மலிவு. வடிகால் உள்ள மண்ணில், நல்ல தண்ணீர் இருந்தால், அடியுரமாகப் போடத் தயங்க வேண்டாம். குளோரைடு கழுவி இறங்கிவிடும். உவர்நீரில் காய் பருக்கும்போது விட்டால்தான் வினை. வேர் நீர் இழுக்கத் திணறும், கால்சியம் காயின் நுனிக்கு எட்டாது, நுனி கறுத்து அழுகும். ப்ரிக்ஸ் ஏறுவது உண்மைதான், ஆனால் காய் சிறுத்து, மகசூல் குறைந்து ஏறும்.

மண்நீரின் உப்புத்தன்மையை உரம் எவ்வளவு கூட்டும் என்று காட்டும் உப்புக் குறியீடு சல்பேட்டுக்கு 46, மியூரியேட்டுக்கு 116. காய் பருக்கும் காலத்துக்கு சல்பேட்டே என் தேர்வு. கரைப்பதுதான் தொல்லை: லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டினால் அடியில் தங்கும். கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே தொட்டியில் கலந்தால் ஜிப்சம் படிந்து சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். வேறு நாளில் விடுங்கள்.

பொட்டாசியம் நைட்ரேட் காய்ப்பிடிப்பு வரை அருமையான உரம். அதற்குப் பிறகு வரும் தழைச்சத்து செடியைத் துளிர்க்க வைத்துக்கொண்டே இருக்கும். ஒரே அறுவடையில் பச்சைக்காயும் பழமும் கலந்து வரும். பழத்தில் நைட்ரேட் மிஞ்சினால் இன்னொரு கேடு: அரக்கு உட்பூச்சு இல்லாத டப்பாவில் தகட்டின் மேலுள்ள வெள்ளீயத்தை வேகமாக அரித்துவிடும். கண்ணாடிச் சீசாவில் அடைப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

எதையும் அளவு மீறிப் போட்டால் மக்னீசியமும் கால்சியமும் செடிக்குள் போவது குறையும். புளிப்பைக் கூட்ட உரத்தை மட்டும் நம்பவும் கூடாது. பழம் கனிந்து போனாலே பி.எச். ஏறும், அதாவது புளிப்பு குறையும்; அதை 4.6-க்குக் கீழே நிறுத்த அடைக்கும்போது சிட்ரிக் அமிலம் சேர்த்தே ஆக வேண்டும்.