டிஎஸ்-160: ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு நிரப்ப வேண்டிய படிவம்

ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதிகாரியின் திரையில் இருப்பது நீங்கள் இணையத்தில் நிரப்பிய விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160தான். கேள்வியும் அதிலிருந்தே பிறக்கும். நேர்காணல் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தப் படிவத்துக்குக் கொடுங்கள்.

கேள்விகள் தெளிவானவை, தளம்தான் படுத்தும். 20 நிமிடம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், சேமிக்காததெல்லாம் போச்சு. தொடக்கத்திலேயே வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி உள்ளே போக அந்த எண், குடும்பப் பெயரின் முதல் 5 எழுத்துகள், பிறந்த ஆண்டு, பாதுகாப்புக் கேள்விக்கான பதில் எல்லாமே வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யூ' (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாதபடி அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

ஆராய்ச்சியாளர்கள் தடுக்கி விழுவது வேலை, படிப்புப் பகுதியில். வெடிபொருள், அணு, உயிரியல், வேதியியல் சார்ந்த சிறப்புத் திறன் உண்டா என்று ஒரு கேள்வி வரும். நோய்க்கிருமிகளோடு வேலை செய்கிறவர் பயந்துபோய் 'இல்லை' என்று போட்டுவிட்டு, கையில் கட்டுரைப் பட்டியலோடு போய் நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். உண்மையைச் சொல்லி, என்ன ஆய்வு, எதற்குப் பயன் என்று துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரிகிற இரண்டு வரி எழுதுங்கள். ஆய்வேட்டுத் தலைப்பை அப்படியே ஒட்டுவதில் பயனில்லை.

உங்களை அழைக்கும் பல்கலைக்கழகம் தரும் தகுதிச் சான்றிதழான டிஎஸ்-2019ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நிரப்ப வேண்டும். அதன் 3ஆம் கட்டத்துத் தேதிகளும் 5ஆம் கட்டத்து நிதித்தொகையும் அழைப்புக் கடிதத்தோடு பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். பொருந்தாவிட்டால் பல்கலைக்கழகத்திடம் சொல்லித் திருத்தி வாங்கிய பிறகு நிரப்புங்கள். பயணத் தேதி, திட்டம் தொடங்கும் நாளுக்கு 30 நாளுக்கு மேல் முந்தக் கூடாது.

பதிவேற்றும் உங்கள் புகைப்படம் சதுரமாக, 600க்கு 600 முதல் 1200க்கு 1200 பிக்சல் வரை, 240 கேபிக்குள். கண்ணாடி அணியக் கூடாது.

செவிஸ் (வெளிநாட்டு மாணவர்கள், பரிமாற்ற வருகையாளர்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசின் அமைப்பு) கட்டணம் 220 டாலர், விசா கட்டணம் 185 டாலர். இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் கட்டினால் மற்றதும் சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். செவிஸ் ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

சில தொழில்நுட்பத் துறைகளுக்கு 221(ஜி) என்ற சட்டப் பிரிவின்கீழ் விசா முடிவை நிறுத்திவைத்துக் கூடுதல் ஆய்வு வரலாம். அப்போது கேட்கக்கூடியவை: சிவி, முழுக் கட்டுரைப் பட்டியல், ஆய்வுத் திட்டம், நிதி விவரம். இவற்றை முன்கூட்டியே பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தால் அன்றைக்கே அனுப்பிவிடலாம்.

சமர்ப்பித்த பிறகு பிழை கண்ணில் பட்டால் புதுப் படிவம் நிரப்புவதே வழி. அப்போது உறுதிப்படுத்தல் பக்கத்துப் பார்கோடு எண்ணும் மாறிவிடும். அப்பாயின்ட்மென்ட் கணக்கில் பழைய எண்ணே இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். புது எண்ணை நேர்காணலுக்குச் சில நாள் முன்பே மாற்றிவிடுங்கள்.