வயித்துக் கேன்சர இஎஸ்டி பண்ணி எடுத்து மூணரை வருஷத்துல திரும்ப வந்துச்சு: டோக்கியோ ஆஸ்பத்திரி ஃபாலோ அப் பத்தி என் ரிவ்யூ

5க்கு 4 ஸ்டார். ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன். ஆஸ்பத்திரி பேரு போடல. டோக்கியோ நிஷி கசாய் ஏரியால இருந்து ட்ரெயின்ல அரை மணி நேரம், பெரிய ஆஸ்பத்திரி, அவ்ளோதான். பேரு கேட்டு மெசேஜ் போடாதீங்க ப்ளீஸ். இந்த வேலைய நல்லா செய்யுற ஆஸ்பத்திரி ஜப்பான்ல நெறைய இருக்கு, வயித்த வெட்டாம வாய் வழியா கேன்சர உரிச்சு எடுக்குற இஎஸ்டிங்குற முறையே 90கள் கடைசில இங்க உருவானது தான்.

2019ல எனக்கு 47 வயசு. கம்பெனி ஹெல்த் செக்கப்ல வழக்கம் போல பேரியம் குடுத்தாங்க, எக்ஸ்ரேல வயிறு தெரியுறதுக்கு. அனுபவிச்சவங்களுக்கு தெரியும், மொதல்ல சோடா பவுடர முழுங்கணும், வயிறு பலூன் மாதிரி ஊதும், ஆனா ஏப்பம் விடக்கூடாது, அப்பறம் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒரு டம்ளர், அப்பறம் மேஜை மேல படுக்க வச்சு இந்தப்பக்கம் உருளு அந்தப்பக்கம் உருளுன்னு மைக்ல சொல்லுவாங்க. ரெண்டு வாரத்துல லெட்டர் வந்துச்சு, ஸ்கோப் (வாய் வழியா கேமரா குழாய்) பண்ணிப் பாருங்கன்னு. பாத்தாங்க, பயாப்ஸிக்கு சின்ன துண்டு சதை எடுத்தாங்க, வயித்தோட கீழ்ப்பக்கம் 12 மில்லிமீட்டர்ல கேன்சர், ஆரம்ப நிலை, மேல் ஜவ்வுல மட்டும் தான் இருக்கு. எனக்கு ஒரு வலி இல்ல, நெஞ்செரிச்சல் இல்ல, முந்தின நாள் நைட் கூட பிரியாணி சாப்பிட்டேன்.

இஎஸ்டின்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு சுருக்கமா. வாய் வழியா ஸ்கோப்ப விட்டு, கட்டிய சுத்தி புள்ளி வச்சு, அடியில மருந்துத் தண்ணிய ஏத்தி ஜவ்வ மேல தூக்கி, சுத்தி வெட்டி, அடியோட உரிச்சு ஒரே துண்டா எடுக்குறது. வெளிய தையல் கிடையாது, வயிறு முழுசா அப்படியே இருக்கும். எடுத்த துண்டு போட்டோவ டாக்டர் காட்டினாரு, ஈரமான அப்பளத்த பலகையில இழுத்து வச்சு சுத்தி குண்டூசி குத்தின மாதிரி இருந்துச்சு. அத 2, 3 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டா நறுக்கி மைக்ராஸ்கோப்ல பாப்பாங்களாம். ஓரத்துல கேன்சர் இல்ல, அடியில இல்ல, ரத்தக்குழாய்லயும் நிணநீர்க் குழாய்லயும் ஏறல. ரிப்போர்ட்ல ஏ கிரேடு, அதாவது இருக்குறதுலயே நல்ல ரிசல்ட்.

ஒரு வாரம் அட்மிஷன். மொத ரெண்டு நாள் ட்ரிப்ஸ் தான், அப்பறம் ஓகாயுன்னு ஒரு கஞ்சி, நம்ம நொய்க்கஞ்சியில உப்பு போட மறந்த மாதிரி. கூட உமேபோஷின்னு ஒரு ப்ளம் ஊறுகா வச்சாங்க பாருங்க, வாயில வச்சதும் எங்க அம்மா போடுற நார்த்தங்கா ஊறுகா ஞாபகம் வந்து கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்து பெட் தாத்தா வலிக்குதுன்னு நெனச்சு நர்ஸ கூப்பிட பெல் அழுத்திட்டாரு.

பில்ல பத்தி சொல்லணும்னா இன்ஷூரன்ஸ்ல நம்ம பங்கு 30 சதவீதம், அதுக்கும் மேல மாச உச்சவரம்பு இருக்கு, என் சம்பள ரேஞ்சுக்கு 80 ஆயிரத்து சொச்சம் யென்னோட நின்னுச்சு. சாப்பாடு காசு தனி. இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் சொன்னது, "ஜெம்பு தோரெமாஷ்தா". எல்லாம் எடுத்தாச்சுன்னு அர்த்தம். என் அரைகுறை ஜாப்பனீஸ்ல நான் அத எல்லாம் சரியாயிடுச்சுன்னு மொழிபெயர்த்துக்கிட்டேன். வருஷா வருஷம் ஸ்கோப்னு அட்டையில எழுதி குடுத்தத வண்டிக்கு சர்வீஸ் விடுற மாதிரி நெனச்சுட்டேன். என் வீட்டம்மா தான் அன்னைக்கே கேட்டா, "கட்டியத் தான எடுத்தாங்க, வயித்த மாத்தியா குடுத்தாங்க?" நான் சிரிச்சேன். அவ கேட்டது தான் மொத்த விஷயமும்.

எச் பைலோரின்னு வயித்துக் கேன்சருக்கு முக்கிய காரணமான கிருமி இருந்துச்சு எனக்கு. சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்குற கிருமி அது, நாப்பது வருஷமா உள்ள குடித்தனம் நடத்திருக்கு. 7 நாள் மாத்திரை, காலைல ராத்திரி, டேகேகேப்னு அமிலத்த குறைக்கிற மாத்திரை, கூட ரெண்டு ஆன்ட்டிபயாடிக், வாயெல்லாம் இரும்பு கசப்பு. அப்பறம் ஊதிப் பாக்குற டெஸ்ட்ல கிருமி போயிடுச்சுன்னு வந்துச்சு. கொரியாவுல இத ட்ரயலாவே பண்ணாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு. இதே மாதிரி ஸ்கோப்ல கட்டி எடுத்தவங்கள கிட்டத்தட்ட 6 வருஷம் தொடர்ந்து பாத்ததுல, கிருமிக்கு மருந்து எடுத்தவங்கள்ல 7.2 சதவீதம் பேருக்கு புதுசா கேன்சர் வந்துருக்கு, டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 13.4 சதவீதம். பாதியா குறையுது, சரி, ஆனா அந்த 7.2ம் சும்மா இல்லையே. நான் அதுல ஒருத்தன் ஆவேன்னு அப்போ நெனக்கல.

2020, 2021 ரெண்டு ஸ்கோப்பும் க்ளீன். 2022 ஏப்ரல்ல என் டாக்டருக்கு ட்ரான்ஸ்ஃபர். இங்க ஏப்ரல் ஆனா டாக்டருங்க ஊரு மாறுறது சகஜம். புது டாக்டர் கைக்கு என் ஃபைல் போகும்போது நவம்பர் அப்பாயின்ட்மென்ட் எங்கயோ விழுந்துருச்சு, போனும் வரல லெட்டரும் வரல. நானும் கேக்கல. அந்த ஒரு ஸ்டார் இதுக்குத் தான், பாதி ஸ்டார் எனக்கும் குறைச்சுக்கலாம்.

டிசம்பர்ல ஊருக்கு போனேன். இங்கயே பாத்துரலாம் மாப்ளன்னு மச்சான் ஒரு ஸ்கேன் சென்டருக்கு கூட்டிட்டு போனாரு, பேரு வேணாம். தொண்டைல ஸ்ப்ரே, ஸ்கோப் உள்ள, ஸ்கோப் வெளிய. 3 நிமிஷம் இருக்குமா, வெளிய மச்சான் வாங்கின டீ ஆறல. முன்னாடி கேன்சர் எடுத்திருக்குன்னு சொன்னேன், தலைய ஆட்டுனாங்க, பழைய போட்டோவ நீட்டினேன், வாங்கிக்கல. ரிப்போர்ட்: மைல்ட் கேஸ்ட்ரைடிஸ், அதாவது வயித்து ஜவ்வுல லேசான அழற்சி. ஊர் டாக்டருங்கள குத்தம் சொல்ல இத எழுதல, நல்லா நிதானமா பாக்குறவங்க அங்கயும் இருக்காங்க. ஆனா சிங்கப்பூர்ல 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, 7 நிமிஷத்துக்கு மேல எடுத்துப் பாக்குற டாக்டருங்க கண்ணுல ஆபத்தான புண்ணுங்க ரெண்டு மடங்கு மாட்டுதுன்னு. அத நான் அப்பறமா தான் படிச்சேன்.

2023 மே. வீட்டம்மா தொல்லை தாங்காம டோக்கியோ ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணி நேரம் வாங்கினேன். இவங்க ஸ்கோப் எப்படின்னா, மொதல்ல சின்ன பேப்பர் கப்புல ஒரு வெள்ளைத் தண்ணி, வயித்துக்குள்ள இருக்குற சளியையும் நுரையையும் கரைக்கிறதுக்கு. நான் மயக்க ஊசி வேணாம்னுட்டேன், திரைய பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். புது டாக்டர், சின்ன பொண்ணு, 30, 32 வயசு தான் இருக்கும். தண்ணி அடிச்சு கழுவுறாங்க, காத்து விட்டு மடிப்ப விரிக்கிறாங்க, போட்டோ, மறுபடி கழுவுறாங்க. பழைய தழும்ப பாத்து முடிச்சாச்சு, வெள்ளையா நட்சத்திரம் மாதிரி சுருங்கி கெடந்துச்சு, சுத்தம். முடிஞ்சதுன்னு நெனச்சேன். மேல வரும்போது வயித்தோட சின்ன வளைவு பக்கம் நின்னாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல, லேசா ஒரு செவப்பு, அவ்ளோதான், கொசு கடிச்ச தடம் கூட அத விட நல்லா தெரியும். வெளிச்சத்த மாத்தினாங்க, திரை பழுப்பாச்சு, பக்கத்துல போய் பெருசு பண்ணாங்க. அப்பறம் நீல சாயம் அடிச்சாங்க. ரூம்ல யாரும் பேசல. எச்சில் வழியுது, நர்ஸ் முதுக தடவுறாங்க, அந்த தடவுற வேகம் குறைஞ்சதுலயே எனக்கு புரிஞ்சு போச்சு.

மறுபடி கேன்சர், 9 மில்லிமீட்டர். ஜூன்ல ரெண்டாவது இஎஸ்டி. இதுவும் ஏ கிரேடு.

நான் கேட்டேன், அப்ப மொத தடவை சரியா எடுக்கலையான்னு. அந்த டாக்டர் பேப்பர் எடுத்து வயித்த படம் போட்டு காட்டினாங்க. எடுத்த எடத்துலயே திரும்ப வர்றது ஒரு வகை, ஒரே துண்டா ஓரம் சுத்தமா எடுத்திருந்தா அது ரொம்ப அரிது, துண்டு துண்டா எடுத்தா தான் அதிகம். நெறிகட்டிக்கு (நிணநீர் முடிச்சுக்கு) போறது இன்னொரு வகை, ஆழமா போன கட்டியில தான் அந்த பயம், அதுக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லுவாங்க. எனக்கு வந்தது மூணாவது, வேற எடத்துல புதுசா முளைச்சது. கிருமி வருஷக்கணக்கா அரிச்ச வயிறு, ஜவ்வு மொத்தமும் பழுதாகி கெடக்கு, கிருமிய கொன்னாலும் பழுது அப்படியே தான் இருக்கும். அதுலயும் கிருமி போன வயித்துல வர்ற கேன்சர் சாதா கேஸ்ட்ரைடிஸ் மாதிரியே வேஷம் போடுமாம், மேல நல்ல ஜவ்வு மூடிக்கும்னாங்க. அப்ப ஊர்ல பாத்தப்பவே இருந்துச்சான்னு கேட்டேன். "இருந்திருக்கலாம்"னு சொல்லிட்டு பேனாவ மூடிட்டாங்க.

ரெண்டாவது அட்மிஷன்ல பக்கத்து பெட்ல இருந்தவருக்கு 78 வயசு, அவருக்கு அது மூணாவது இஎஸ்டி. ஆஸ்பத்திரிக்குன்னே தனி பை வச்சிருக்காராம், ப்ரஷ், செருப்பு, காது கேக்குற மிஷின் பேட்டரி எல்லாம் எப்பவும் உள்ளயே இருக்கும். நான் கூகுள்ல படிச்சு வெளிறிப் போயி உக்காந்திருக்கேன், மனுஷன் டிவில சுமோ பாத்து கை தட்டுறாரு.

இப்போ 6 மாசத்துக்கு ஒருக்க ஸ்கோப். வெயிட்டிங் இன்னமும் ரெண்டு மணி நேரம், அத மாத்தவே மாட்டாங்க போல. ஆனா போன வருஷத்துல இருந்து அடுத்த தேதிய குறிச்சு கையில குடுக்காம பில் கவுண்டருக்கே விடறதில்ல. இதே மாதிரி எடுத்துட்டு வீட்ல இருக்கீங்கன்னா பழைய ஸ்கோப் போட்டோவும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் சிடியில வாங்கி வச்சுக்கோங்க, எங்க போனாலும் பாக்கச் சொல்லி கேளுங்க, வாங்கிப் பாக்கலன்னா எந்திரிச்சு வந்துருங்க. வீட்ல எல்லாருக்கும் கிருமி டெஸ்ட் எடுத்தோம், பெரியவனுக்கும் இருந்துச்சு, மாத்திரை முடிச்சுட்டான்.

எனக்கு அடுத்தது நவம்பர் கடைசி வாரம். மச்சான் பொண்ணு கல்யாணம் டிசம்பர்ல, ஸ்கோப் முடிஞ்சு தான் டிக்கெட் போடணும்னு வீட்ல ஆர்டர்.