ரன்னா, செட்டா: எதை முதலில் பிடிப்பது?

ஆங்கிலம் பழகுகிறவர்களை அதிகம் படுத்தும் சொற்கள் இவை இரண்டும். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' வினைக்கு மட்டும் 430 பொருள். பிறகு திருத்தியபோது 'ரன்' 645 பொருளோடு முந்திக்கொண்டது.

சேலத்துக்காரருக்கு 'செட்' பழகிய முகம். தட்டுவடை செட் என்றால் இரண்டு தட்டுவடை, நடுவே சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். தோட்டத்தில் பம்ப்செட். ஆனால் இதெல்லாம் பெயர்ச்சொல். வினையாக வந்தால் சிமென்ட் இறுகுவது, பொழுது சாய்வது, அலாரம் வைப்பது எல்லாமே 'செட்'. 'செட் ஆஃப்' கிளம்புவது. 'செட் அப்' நிறுவுவது, சில சமயம் ஆளை மாட்டிவிடுவது. இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நம்ம ஊர் 'செட் ஆகல' அங்கே செல்லாது.

'ரன்'னுக்கு நம்மிடமே துணை இருக்கிறது. ஏற்காடு பஸ் ஓடுகிறது, விசைத்தறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது: மூன்றுக்கும் 'ரன்' பொருந்தும். கடை நடத்துவதும் அதுவே. தொடர்களில்தான் இடறும்: 'ரன் இன்டு' தற்செயலாக எதிர்ப்படுவது, 'ரன் அவுட் ஆஃப்' தீர்ந்துபோவது. கிரிக்கெட் ரன் அவுட் வேறு சங்கதி.

என் ஓட்டு 'ரன்'னுக்கே. பாதி ஏற்கெனவே தெரிந்தது. மீதியை முழு வாக்கியமாக எழுதிப் பழகலாம். 'செட்'டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.