இந்தியன் கானூன்: மாறுபட்ட தீர்ப்புகளைப் படிக்க நல்ல தளம்

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைக் காசு கொடுக்காமல் முழுசாகப் படிக்க இந்தியன் கானூன் தளத்தைத் தாராளமாக நம்பலாம், குறிப்பாக இரண்டு நீதிபதிகள் தனித்தனியாக எழுதிய தீர்ப்புகளுக்கு. சபாநாயகர் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்ததை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகர் உத்தரவு செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். டிவியில் நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் தீர்ப்பைப் படித்தால்தான் சபாநாயகர் முடிவில் நீதிமன்றம் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்று ஒருவர் வரம்பு கட்டுவதும், அதே ஆவணங்களிலிருந்து இயற்கை நீதி (பாதிக்கப்படுபவர் தரப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும் என்ற விதி) மீறப்பட்டது, உள்நோக்கம் இருக்கிறது என்று இன்னொருவர் படிப்படியாக நிறுவுவதும் புரியும். அந்த இடங்கள் உண்மையிலேயே அருமை. அப்புறம் வழக்கு மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணனிடம் போய், அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்று முடிந்தது.

மேற்கோள் காட்டிய பழைய வழக்குகளுக்கு அங்கேயே இணைப்பு இருப்பது பெரிய வசதி. பெரும்பாலும் ஆங்கிலம், அது மட்டும்தான் எனக்கு வருத்தம். சட்ட மாணவர்கள் சுருக்கக் குறிப்புகளை விட்டுவிட்டு முதலில் இதைப் படியுங்கள்.