தமிழ்க் குறுக்கெழுத்துக்கு எந்த அகராதி? பேரகராதியும் க்ரியாவும்

விடையைச் சொல் விளையாட்டுக்குள் மறைத்துக் கேட்கும் கிரிப்டிக் வகைத் தமிழ்க் குறுக்கெழுத்தைத் தீர்க்கிறவர்களுக்கு இரண்டே அகராதிகள் போதும். ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939இல் ஓர் அனுபந்தமும் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் காசில்லாமல் தேடலாம். இன்னொன்று க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் பதிப்பு 1992, மூன்றாம் பதிப்பு 2020. இரண்டும் ஒரே வேலைக்கானவை அல்ல. எதை எப்போது திறப்பது என்று தெரிந்திருந்தால்தான் பயன் உண்டு.

குறிப்பின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். அதன் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மிச்சமெல்லாம் அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் விடைக்கு எத்தனை கட்டம் என்று சொல்லும். சில குறிப்புகளுக்கு அகராதியே வேண்டாம். "வெகு மரியாதைக்குள் இளம்பெண் (3)" என்றால் 'வெகு மரியாதை' என்ற தொடருக்குள்ளேயே 'குமரி' ஒளிந்திருக்கிறாள். "தலை போன கவலை மீனவன் கையில் (2)" என்றால் 'கவலை'யின் முதல் எழுத்தை வெட்டினால் 'வலை'. இவற்றைக் கண்ணால் பிடிக்க வேண்டும். குறிப்பைப் படித்த கையோடு அகராதியைத் திறப்பவர்களுக்கு இந்தக் கண் பழகவே பழகாது.

அகராதி தேவைப்படும் இடம் வேறு. இதைப் பாருங்கள்:

"அரத்துக்குள் பசு புகுந்தால் பயங்கரம் (4)"

பசு என்றதும் எல்லோர் மனதிலும் 'ஆ' வந்து நிற்கும். ஆனால் தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் தனியாக வரும், நடுவில் வராது. உள்ளே புகுகிற பசு 'ஆ'வாக இருக்க முடியாது. அப்படியானால் பசுவுக்கு இன்னொரு ஓரெழுத்துச் சொல் வேண்டும். பேரகராதியில் 'கோ' என்று போட்டால் அரசன் மட்டுமல்ல, பசுவும் வரும். அரம் என்ற சொல்லில் 'அ'வுக்கும் 'ரம்'முக்கும் இடையே 'கோ'வை வைத்தால் அகோரம். நேர்ப்பொருள் பயங்கரம். குறுக்காக வந்த விடைகளிலிருந்து அ, ர, ம் மூன்றும் ஏற்கெனவே கிடைத்திருந்தால் அகரம், அதரம் என்றும் நிரப்பத் தோன்றும். அவை கட்டத்தில் உட்காரும், குறிப்புக்கு மட்டும் பதில் சொல்லாது.

விளக்கம் எழுதும்போது இப்படி எழுதிப் பாருங்கள்: அ(கோ)ரம்; அரம் = இரும்பைத் தேய்க்கும் கருவி; கோ = பசு; 'புகுந்தால்' = உள்ளே வை; பயங்கரம் = விடை. குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருந்தாக வேண்டும். ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால் விடை தவறு, அல்லது குறிப்பு பலவீனம். அகராதியின் உண்மையான பயன் இந்தச் சரிபார்ப்பில்தான். விடையைத் தேடித் தரும் பொறியாக அதை நினைக்கவே கூடாது.

ஓரெழுத்துச் சொற்களில் பேரகராதிக்கு நிகர் இல்லை. நன்னூல் கணக்கில் ஓரெழுத்து ஒருமொழி 42. அன்றாடப் பேச்சில் இருப்பவை கை, பை, தீ, பூ போன்ற சில. புதிர் அமைப்பவருக்கோ அத்தனையும் செங்கல். 'மா' என்ற ஒன்றையே எடுங்கள்: மாமரம், குதிரை, திருமகள், வண்டு, அதோடு பழைய அளவையில் இருபதில் ஒரு பங்கு. "இருபதில் ஒரு பங்கு நோவு, மூன்றடி மண் தந்தவன் (3)" என்ற குறிப்பில் மா + வலி = மாவலி. அளவை தெரியாதவர் இந்தக் குறிப்பின் முன் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். தெரிந்தவருக்கு வாமனன் கதை நினைவுக்கு வந்த நொடியில் முடிந்தது.

இனி குறைகள். பேரகராதி வினைச்சொற்களை 'தல்', 'த்தல்' சேர்த்தே தலைச்சொல்லாக வைத்திருக்கிறது. 'வை' என்று தேடினால் வைக்கோல், கூர்மை என்ற பெயர்ச்சொற்கள் வரும். இடு என்ற பொருளுக்கு 'வைத்தல்' பக்கம் போக வேண்டும். "பாட்டும் வைக்கோலும் சேர்ந்தால் பெண் (2)" என்று பா + வை = பாவை வரும்போது முதல் பதிவு கைகொடுக்கும்; "பாட்டு வை, பெண் வருவாள்" என்று கேட்டால் இரண்டாவது. ஒரே எழுத்துக்கோவைக்கு எண் போட்டுப் பல பதிவுகள் இருக்கும். முதல் பதிவோடு நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கடைசி எண் வரை படித்துவிடுங்கள்.

பொருள் விளக்கத்துக்குள்ளும் தேடலாம். ஆனால் பசு என்று தேடினால் பசுமை, பசும்பொன் வகையறாவும் சேர்ந்து கொட்டக்கூடும். தலைச்சொல் தேடலில் விடை கிடைக்காதபோது மட்டும் அந்தப் பக்கம் போவது நல்லது.

தெரியாத எழுத்துகளுக்குப் பதில் வெற்றிடக் குறி போட்டுத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இது பேரகராதியின் குற்றமல்ல, கணினி தமிழை எண்ணும் விதம். கோபுரம் நமக்கு நான்கு கட்டம். "அரசன் ஊர், ஆலய வாசலில் ஓங்கி நிற்கும் (4)" என்ற குறிப்பிலும் நான்குதான். ஒருங்குறியில் (யூனிகோடில்) அதுவே 7: க, ஓகாரக் குறி, ப, உகரக் குறி, ர, ம, புள்ளி. நான்கு வெற்றிடம் போட்டுத் தேடினால் கோபுரம் எந்தக் காலத்திலும் வராது. ஒரு கட்டம் என்பது ஓர் உயிரெழுத்து, அல்லது ஒரு மெய்யும் அதன்மேல் வரக்கூடிய ஒரு குறியும். இந்த விதியைப் புரிந்துகொள்ளாத எந்தத் தேடுபொறியையும் நம்ப வேண்டாம்.

பேரகராதியின் பெரிய ஆபத்து அதன் செழுமையேதான். ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள். இவ்வளவு பொருள் கையில் இருந்தால் எந்தத் தவறான விடைக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடும். "சிவா திரும்பினால் படி (2)" என்றால் வாசி. பேரகராதிப்படி வாசி என்றால் குதிரையும்தான். ஆகவே நேர்ப்பொருளாகக் குதிரையைக் கொடுத்தாலும் கட்டுமானம் நிற்கும். ஆனால் வழியும் புதிராக, பொருளும் யாரும் புழங்காததாக இருந்தால் தீர்ப்பவருக்குப் பிடிமானமே இல்லை. இரண்டில் ஒன்று வழக்கில் உள்ளதாக இருப்பதே நியாயம். "கதவு சிதைந்தால் நடுவுநிலைமை (3)" என்பதில் விடை 'தகவு' பழைய சொல்தான். ஆனால் க, த, வு மூன்றும் கண்முன் கிடக்கின்றன. குறளில் 'தக்கார் தகவிலர்' படித்தவருக்குச் சட்டென்று விளங்கும், படிக்காதவர் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அகராதியில் உறுதிசெய்துகொள்ளலாம். நல்ல குறிப்பு.

இந்த இடத்தில்தான் க்ரியா வருகிறது. இன்றைய எழுத்தில் புழங்கும் சொற்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு. படி என்பது வினையா பெயரா என்று பதிவிலேயே பிரித்துக் காட்டும். குறிப்பில் உள்ள நேர்ப்பொருளும் விடையும் ஒரே சொல்வகையா என்று பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. பேச்சு வழக்கு, உயர் வழக்கு, இலங்கை வழக்கு என்ற குறிப்புகளும் உண்டு. கணினி, கைபேசி போன்ற சொற்களுக்குப் பேரகராதியில் போய்ப் பயனில்லை, அதன் காலம் அப்படி. குறை என்றால், சொல் விளையாட்டுப் பகுதிக்கான பழம்பொருள்களை க்ரியாவில் எதிர்பார்க்க முடியாது. தற்காலத் தமிழ் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

தீர்ப்பவருக்கு எங்கள் பரிந்துரை: முதலில் அகராதியில்லாமல் ஒரு சுற்று. பிறகு சொல் விளையாட்டுக்குப் பேரகராதி, நேர்ப்பொருளை உறுதிசெய்ய க்ரியா. புதிர் அமைப்பவர் என்றால் மூன்றாவதாக, பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் 12 தொகுதிகளில் பதினொன்றாவது 'ஒருசொல் பல்பொருள் பெயர்த் தொகுதி'. ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் என்று அங்கே வரிசையாகக் கிடைக்கும்.