லெகோ மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்: பிள்ளைகளோடு ஒன்றரை வருடம் ஆடிய பிறகு

சூப்பர்ஹீரோ படம் குழந்தைகளுக்கானது, அதை வைத்து வரும் வீடியோ கேமும் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். இந்த கேமை வாங்கும் முன்பே, அக்கா வீட்டில் அந்த நினைப்பு மாறிவிட்டது.

அக்கா மகன் ஆடிக்கொண்டிருந்தது 2009-இல் படத்தோடு வந்த வுல்வரின் கேம். கையிலிருந்து கூரிய நகங்கள் நீளும் சூப்பர்ஹீரோதான் வுல்வரின். அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்ற அளவில்தான் எச்சரிக்கை. ஆனால் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு வந்த ‘அன்கேஜ்டு எடிஷன்’ 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. நகத்தால் ஒரு வீச்சு, எதிரியின் கை துண்டாகிறது. வுல்வரின் அடிபட்டால் அவர் உடம்பிலேயே சதை கிழிந்து விலா எலும்பு தெரிகிறது, பிறகு நம் கண் முன்னாலேயே மூடிக்கொள்கிறது. அதே பெயரில் பிளேஸ்டேஷன் 2-க்கும் நின்டெண்டோவின் வீ (Wii) கருவிக்கும் வந்தது இவ்வளவு கோரம் இல்லாத வேறு கேம். அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

“படம் டிவியிலயே போடுறாங்களேன்னு வாங்கிக் கொடுத்துட்டேன்டி” என்றாள் அக்கா. அவளைச் சொல்லி என்ன? நானும் அதைத்தான் செய்திருப்பேன். அப்போது ஒன்பது வயதான என் மகன் கண்ணெடுக்காமல் பார்த்தான். அன்று இரவு என் கையைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினான்.

அதனால்தான், எல்லாரும் லெகோ கட்டை பொம்மைகளாக வரும் லெகோ மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ் பக்கம் போனோம். 2016-இல் வந்தது, டிடி கேம்ஸ் செய்தது. 2012, 2015 ஆண்டுகளின் இரண்டு அவெஞ்சர்ஸ் படங்கள்தான் இதில் முக்கியம். மற்ற சில மார்வெல் படங்களிலிருந்தும் கொஞ்சம் உண்டு. வாங்கும்போது பெரியவனுக்கு 10, சின்னவளுக்கு 7. ஐரோப்பிய ரேட்டிங் 7, அமெரிக்க ரேட்டிங் 10. ஒரே கேமுக்கு இரண்டு அமைப்புகள் இரண்டு வயது சொல்கின்றன என்றால், கூட உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பது நம் வேலை என்று எனக்குத் தோன்றியது. முதல் ஒரு மாதம் நான் இல்லாமல் டிவியைப் போட விடவில்லை.

வன்முறை என்று பார்த்தால் சண்டை நிறைய. ஆனால் அடிபட்டவன் லெகோ துண்டுகளாகச் சிதறுகிறான், அவ்வளவுதான். நம் ஆளுக்கு உயிர்க் கணக்காக நான்கு இதயம். அது தீர்ந்தால் அவரும் சிதறி, அந்த இடத்திலேயே மறுபடி எழுந்து நிற்கிறார். ‘ஆட்டம் முடிந்தது’ என்று வெளியே தள்ளுவதில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். வேறு கேம்களில் மூன்று முறை தோற்றால் கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு அழுவாள். இதில் சிரித்துக்கொண்டே தொடர்கிறாள்.

அழுகை வேறு வழியில் வந்தது. சிதறும்போது, சேர்த்து வைத்த ஸ்டட்கள் (வழியில் பொறுக்கும் வட்டமான லெகோ துண்டுகள்) கொஞ்சம் தரையில் கொட்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் காசு. வெள்ளிக் காசு 10, தங்கம் 100, நீலம் 1,000, ஊதா 10,000. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெலிகேரியர் என்ற பறக்கும் போர்க்கப்பல் லெவலில் பாப்பா சிதறினாள். அவள் எழுந்து வருவதற்குள் அண்ணன்காரன் ஓடிப்போய்க் கொட்டியதையெல்லாம் பொறுக்கிவிட்டான். “அது என் காசு அண்ணா!” என்று அவள் கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆளுக்கு ஒரு கணக்குத் திரையின் மேலே ஓடிக்கொண்டே இருப்பதால் போட்டி வந்துவிடுகிறது. லெவல் முடிந்ததும் அதெல்லாம் ஒரே உண்டியலில்தான் சேரும் என்று எடுத்துக் காட்டிய பிறகு சண்டை பாதியானது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

ஆனால் இதே கேம்தான் அவனுக்குக் காத்திருக்கவும் கற்றுக்கொடுத்தது. அயர்ன்மேனால் முடிவது கேப்டன் அமெரிக்காவால் முடியாது. ஹல்க்காக இருந்தால் உடைக்கலாம். நுணுக்கமான வேலை வந்தால் ஹல்க்கின் மனித உருவமான விஞ்ஞானி புரூஸ் பேனராக மாற வேண்டும். பாப்பா எப்போதும் ஹல்க். கண்ணில் படும் விளக்குக் கம்பம் ஒவ்வொன்றையும் உடைத்துவிட்டுத்தான் வருவாள். அவன் அடுத்த கதவுக்கு முன்னால் நின்று “வா பாப்பா, வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். இருவரும் பிரிந்து போனால் திரை இரண்டாகிறது, நெருங்கினால் ஒன்றாகிறது. இன்னொருவர் சேர வேண்டுமென்றால் அதே அறையில், அதே டிவி முன்னால்தான் உட்கார வேண்டும். முன்பின் தெரியாத யாரும் இணையம் வழியாக உள்ளே வந்து பேச வழியே கிடையாது. எனக்கு மிகவும் நிம்மதி தந்தது இதுதான். கூடுதல் கதாபாத்திரங்கள் தனியாக விற்பனைக்கு உண்டு என்பதால் கேம் கருவியின் இணையக் கடைக்கு மட்டும் பாஸ்வேர்ட் போட்டு வைத்தேன்.

ரேட்டிங் சொல்லாத ஒன்று குரல். இந்த கேமில் பெரும்பாலான வசனங்கள் படத்திலிருந்தே எடுத்து ஒட்டியவை. உடம்பு பொம்மை, குரல் மட்டும் பெரியவர்கள் படத்துக் குரல். ஒட்டியது சில இடங்களில் சத்தம் ஏறியும் இறங்கியும் கேட்கும். இரண்டாவது படத்தின் வில்லன் ரோபோவான அல்ட்ரானுக்கு நடிகர் ஜேம்ஸ் ஸ்பேடரின் குரல். அந்த நிதானமான மிரட்டலுக்கு முன்னால் லெகோ வேடிக்கை எதுவும் எடுபடவில்லை. எதிரிகள் நூறு பேர் சிதறும்போது சிரித்த குழந்தை, அல்ட்ரான் பேசியதும் காதைப் பொத்திக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். ஏழு வயது முடியாத குழந்தைக்கு இந்தப் பகுதிகளை நான் தரமாட்டேன். முதல் அவெஞ்சர்ஸ் படத்தின் லெவல்கள் பரவாயில்லை. ஆனால் கேம் தொடங்குவதே இரண்டாவது படத்தில் சொகோவியா என்ற கற்பனை நாட்டில் நடக்கும் சண்டையில்தான், பிறகே முதல் படத்துக்குப் போகிறது. கதை தெரியாத பிள்ளைகள் குழம்புவார்கள், கூட இருந்து சொல்லிக் கொடுங்கள்.

நேரக் கட்டுப்பாட்டில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி என்று வைத்தேன். லெவல் நடுவில் அணைத்தால் தினமும் ரகளை. எங்களுக்கு ஒரு லெவலுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகிறது. ‘இன்றைக்கு ஒரு லெவல்’ என்று மாற்றியதும் அவர்களே அணைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

கதை முடிந்து பல மாதம் ஆகிறது. பழைய லெவல்களுக்கே வேறு ஆட்களோடு திரும்பப் போய், விட்டுப்போன பொருள்களைத் தேடுவதில் இன்னும் வாரம் இரண்டு நாள் ஓடுகிறது. பாப்பாவுக்கு இப்போது எட்டரை. அல்ட்ரான் வரும் இடம் நெருங்கினால் ரிமோட்டை எடுத்து, தானே சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, “ம், இப்ப வா அண்ணா” என்கிறாள்.